கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வருவது எப்படி? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

கடலே இல்லாத மாவட்டம் நம்முடையது. ஆனாலும் ஓமலூர், மேட்டூர், இரும்பாலைப் பக்கமிருந்து வெல்டர், ஃபிட்டர் என்று வருசா வருசம் பசங்க ரிக் (கடலில் எண்ணெய் தோண்டும் மேடை) வேலைக்குக் கிளம்புகிறார்கள். ரிக்குக்குப் போவது பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான். அதற்கு முன் ஹியூட் முடிக்க வேண்டும்: தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்பதால் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அண்ணா, எனக்கு நீச்சல் சுத்தமா தெரியாதுங்க. ஹியூட் முடிக்க முடியுங்களா? (ஓமலூர், வெல்டர்)

முடியும் தம்பி. லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பீர்கள், பக்கத்திலேயே டைவர் நிற்பார். இங்கே பார்ப்பது நீச்சலை அல்ல, கைகள் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதை.

ஹெலிகாப்டருக்கு என்ஜின், கியர்பாக்ஸ், சுழலும் இறக்கை எல்லாமே தலைக்கு மேலே இருக்கின்றன. கடலில் இறங்கினால் அந்தத் தலைப்பாரமே கவிழ்த்துவிடும். மிதவைப் பைகள் விரிந்தாலும் அலை பெரிதாக இருந்தால் உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் குளத்தில் ஒரு கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்காரவைத்துத் தலைகீழாகப் புரட்டுகிறோம்.

ஒரு கை ஜன்னல் விளிம்பில், இன்னொரு கை பெல்ட் பக்கிளில் இருக்க வேண்டும். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கணும். கூண்டு புரளும், மூக்குக்குள் தண்ணீர் ஏறும், எரியும். ஆட்டம் முழுசாக நிற்கும்வரை எதையும் திறக்கவோ கழற்றவோ கூடாது. நின்றபின் ஜன்னலைத் தள்ளி, வெளி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் பக்கிளைத் திருக வேண்டும். பிடித்த கையாலேயே உடம்பை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

பெல்ட்டோடு இருக்கும்வரை, வலப்பக்கம் இருந்த ஜன்னல் கவிழ்ந்தபிறகும் உங்கள் வலப்பக்கம்தான். பக்கிளை அவசரப்பட்டுக் கழற்றினால் மிதந்து எங்கேயோ போய்விடுவீர்கள். ஜன்னலைத் தள்ளவும் பலம் கிடைக்காது, தள்ளத் தள்ள நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

ஏற்காடு ஏரியில படகுல போறப்ப குடுக்கற ஜாக்கெட்தானுங்களே இதுவும்? (அஸ்தம்பட்டி)

இல்லை. அங்கே தருவது ஃபோம் அடைத்தது, எப்போதும் மிதக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஹெலிகாப்டரில் கவிழ்ந்தால், இப்போது மேலே போய்விட்ட தரையோடு ஒட்டவைத்துவிடும், கீழே முங்கி ஜன்னலுக்கு வரவே முடியாது. ஹெலிகாப்டரில் தருவது காற்றடைக்கும் ஜாக்கெட். வெளியே வந்தபின்தான் கயிற்றை இழுத்து ஊதவைக்க வேண்டும். உள்ளே ஊதாதீர்கள். இதை இன்னும் சொல்லுவேன்.

சர்டிபிகேட் எடுத்தா வேலை உறுதின்னு ஏஜென்ட் சொல்றார், நம்பலாங்களா? (சங்ககிரி)

நம்பாதீர்கள். வேலைக்கான கடிதம் கையில் வரட்டும், எந்தப் பயிற்சி வேண்டும் என்று கம்பெனியே சொல்லும். ஒபிட்டோ (கடல் எண்ணெய் வேலைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) சான்றிதழ்களுக்கு எண் உண்டு, பதிவேட்டில் போட்டுப் பார்ப்பார்கள். ஜெராக்ஸ் கடை வித்தை செல்லாது.

சின்ன வயசுலேர்ந்து கிணத்துல தலைகீழா குதிச்சு வளந்தவங்க நாங்க. முப்பதடி கிணத்துல அடிமண்ணு எடுத்துட்டு வருவோம். எங்களுக்கு எதுக்குங்க இந்தக் குளத்துப் பயிற்சி? (மேட்டூர்)

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். கிணற்றில் நீங்களாகக் குதிக்கிறீர்கள், மூச்சு உங்கள் கணக்கு. வெளிச்சம் இருக்கும் பக்கம் மேலே, கை கால் கட்டில்லை. ஹெலிகாப்டரில் நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். இருட்டு, எரிபொருள் நாற்றம், நாலு முனை பெல்ட், பக்கத்து ஆளின் கால் முகத்தில். நல்ல நீச்சல்காரன் முதலில் செய்வது என்ன தெரியுமா? மேலே போகப் பார்ப்பான். அந்தப் பழக்கமே பக்கிளை முன்கூட்டிக் கழற்றவைக்கும்.

நான் 110 கிலோ. ஜன்னல்ல மாட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு. (அம்மாப்பேட்டை, கிரேன் ஆபரேட்டர்)

நியாயமான பயம். எடையைவிடத் தோள் அகலம் முக்கியம். பிரிட்டனின் வடகடல் பக்கம் 2015 முதல் தோளை அளக்கிறார்கள். 55.9 சென்டிமீட்டர், அதாவது 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்து இருக்கைதான் தருவார்கள். பயிற்சியில் ஒரு தோளை முன்னால் விட்டுச் சாய்வாக வரப் பழகிக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாதவங்க போலாமா சார்?

முதல் பதில்.

மேட்டூர்க்காரர் சொன்னது சரிதான். மூக்குல தண்ணி ஏறுறதெல்லாம் கிணத்துப் பசங்களுக்குப் பழகினது. பயமே இருக்காது. (ஆத்தூர்)

அதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர்ப் பயம் இல்லாதவன் கூண்டுக்குள் நிதானமாக இருப்பான், அது பெரிய பலம். ஆனால் கைகள் வேலை செய்ய வேண்டிய வரிசையைக் கிணறு கற்றுத்தராது. 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயலில் சாகர் கிரண் ரிக் அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. உள்ளே 9 பேர், பிழைத்தது 5 பேர். நம் கடல் வெதுவெதுப்பானது, ரிக்கும் பக்கத்திலேயே இருந்தது, அப்படியும் நாலு உயிர் போனது.

எஸ்டிசிடபிள்யூ முடிச்சிருக்கேன். போதாதா?

அது கப்பல்காரர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி. கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்புவது அதில் கிடையாது.

அப்ப போசியட்டா, டி-போசியட்டா? (எடப்பாடி)

இரண்டுமே ஹியூட் சேர்ந்த கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சிதான். வளைகுடா, மும்பை போன்ற வெப்பக் கடலுக்கு டி-போசியட். வடகடலுக்கு அது செல்லாது. அங்கே குளிர்தாங்கும் உடையும், மூச்சுக்குச் சின்னக் காற்று சிலிண்டரும் சேர்ந்த போசியட் வேண்டும். பனித்தண்ணீர் பட்ட அதிர்ச்சியில் இருபது விநாடி மூச்சு பிடிக்க முடியாதவர்கள் ஏராளம், அதற்குத்தான் சிலிண்டர். ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள்: அழுத்தக் காற்றை இழுத்துவிட்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். சான்றிதழ் நாலு வருசம் செல்லும், முடியும் முன் புதுப்பிக்க வேண்டும்.

அண்ணா, நாங்க பசங்களா சேந்து ஒரு பிளாஸ்டிக் சேர்ல கயித்தால கட்டி, கிணத்துல தள்ளி பழகலாம்னு பாக்கறோம். அதுக்கு முன்னாடி வேகமா மூச்சு இழுத்து இழுத்து விட்டா ரொம்ப நேரம் தாங்குதுங்க. (மேட்டூர், திரும்பவும்)

கயிற்றைக் கீழே போடுங்கள். இதற்குக் கோபமாகவே பதில் சொல்கிறேன். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவது அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடுவது. வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு முதலிலேயே குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் "மேலே போ" என்ற எச்சரிக்கை வராது. தண்ணீருக்குள் சத்தமில்லாமல் மயங்குவீர்கள், மேலே நிற்பவன் இன்னும் தம் கட்டுகிறான் என்று நினைப்பான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போகிறார்கள். கிணறு, ஏரி, மேட்டூர் அணை, எங்கேயும் மூச்சடக்கும் போட்டி வேண்டாம். எங்கள் குளத்தில் ஒவ்வொரு கூண்டுக்கும் டைவர் இருக்கிறார், உடனே உங்களை வெளியே எடுப்பார். உங்கள் கிணற்றில் யார் இருக்கிறார்?

ஜாக்கெட்ட முன்னாடியே ஊதி வச்சிட்டா சேஃப்டி தானுங்களே?

மேலேயே எழுதியிருக்கிறேன் தம்பி: உள்ளே ஊதாதீர்கள்.

சேலத்துலயே எங்கயாச்சும் இருக்குங்களா?

இல்லை. ஓஎன்ஜிசியின் கடல் உயிர்காப்புப் பயிற்சி மையம் கோவாவில் 2024 பிப்ரவரியில் திறந்தது. மற்ற அங்கீகார மையங்களை ஒபிட்டோ தளத்தில் பாருங்கள்.

ராஃப்ட்ல (தப்பிச்சு ஏறுற காற்று மிதவை) தாகம் எடுத்தா கடல் தண்ணி கொஞ்சமா?

ஒரு மடக்குகூடக் கூடாது. உப்பைக் கழிக்க உடம்பு அதைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை ராஃப்ட்டில் ஏறியதுமே போடுங்கள், வாந்தி எடுத்தால் இருக்கிற தண்ணீரும் போகும்.

நான் சோடாபுட்டிக் கண்ணாடி. தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியாதே? (ஏற்காடு)

யாருக்கும் தெரியாது. கையால் தேடித்தான் வருகிறார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாருங்கள், காண்டாக்ட் லென்ஸ் என்றால் அதையும்.