முதலில் பரணிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: கேசட்டில் பாட்டு கேட்ட இனிமை இன்றைய செல்போனில் வருமா? 300 கேசட்டுகளைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இவர்களுக்கு எங்கே புரியும்?

பதில்: பரணிலா? கோடையில் வெந்து, மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கிடக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் பத்திரம் என்று சொல்லாதீர்கள்.

இனிமை இருந்தது, சரி. பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, பக்கத்துக்கு 30 நிமிஷம்தான் என்பதால் ஆசைப்பட்ட இரண்டை அடித்துவிட்டு, ஒரு வாரம் நடையாய் நடந்து வாங்கிய கேசட் இனிக்காமல் என்ன செய்யும்? ஒலி என்று பார்த்தால், 1963-ல் பிலிப்ஸ் இதைக் கொண்டுவந்தபோது மனதில் வைத்திருந்தது பேச்சைப் பதிவதைத்தான். ஒல்லி நாடா, நொடிக்கு 4.76 செ.மீ. வேகம், அதனால்தான் பாட்டுக்குப் பின்னால் அந்த 'உஸ்'.

சினிமாப் பாட்டு எங்கேயாவது கிடைத்துவிடும். அந்த 300-ல் உங்கள் வீட்டு ஆட்கள் பேசியது எத்தனை, அதைச் சொல்லுங்கள். குவைத்திலிருந்து என் மாமா கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார், நாங்களும் அதன் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அவர் லீவில் வந்துவிட்டதால் அனுப்பாமல் விட்ட ஒன்று மட்டும் வீட்டில் தங்கியது. அவர் காலமான பிறகு போட்டுக் கேட்டால் முழுக்க அம்மாவின் குரல்; அது முடிந்து 'டொக்' என்ற சத்தத்துக்கு அப்புறம், நாங்கள் அழிக்காமல் விட்ட மிச்சத்தில், "கிணத்து மோட்டாரைப் பாத்தாச்சா?" என்று மாமா கேட்கிறார். எங்களிடம் இருக்கும் அவர் குரல் அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இரு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிட்டால் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, டெக்கில் போடவே போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பதை ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். கல்யாண வீடியோ விஎச்எஸ் என்ற வீடியோ கேசட்டில் இருந்தால் அதற்குத்தான் முதல் அவசரம், ஏனென்றால் அதை ஓட்டும் விசிஆர் டெக்கைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது, ஓடுகிற டெக் கிடைப்பதே பெரும்பாடு. பாட்டுக் கேசட்டெல்லாம் அப்புறம்.