வீடியோ.ஜேஎஸ் 5-லிருந்து 8-க்கு மாறியபின் வரும் கோளாறுகள்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: எங்கள் இசைப் பள்ளி இணையதளத்தில் பாட வீடியோக்களுக்கு வீடியோ.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிளேயரின் 5-ஆம் பதிப்பைப் பயன்படுத்தி வந்தோம். அண்மையில் 8-க்கு மாற்றினோம். முகப்புப் பக்க அறிமுக வீடியோ எங்கள் கணினியில் தானாக ஓடுகிறது, மாணவர்களுக்கு ஓடுவதில்லை. ஐபோனில் பிளே தட்டியதும் திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. தமிழ் சப்டைட்டில் சில பாடங்களில் வரவே இல்லை, சிலவற்றில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. நாங்கள் சேர்த்திருந்த பட்டன்களும் வேலை செய்யவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பட்டன் சிக்கல் ஒன்றுதான் பதிப்பு மாற்றத்தால் வந்தது. மற்றவை பிரவுசர் விதிகளாலும் ஃபைல்களைத் தயாரித்த விதத்தாலும் வருபவை. 5-க்குப் போனாலும் அவை அப்படியே இருக்கும்.

பட்டன்களிலிருந்து தொடங்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓரிடத்தில் பிழை காட்டி நின்றால் அந்த ஃபைலில் அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடாது. மற்ற கோளாறுகளின் காரணமும் கண்ணில் படாமல் போகும். குரோமில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் 'கன்சோல்' பகுதியில் வரும் முதல் சிவப்பு வரியைப் பாருங்கள். 5-க்கும் 8-க்கும் இடையே பெரிய மாற்றங்கள் நடந்துள்ளன. 2017-இல் வந்த 6-ஆம் பதிப்பிலேயே ஃபிளாஷ் என்ற பழைய வீடியோ நுட்பம் மையக் கோப்பிலிருந்து விலக்கப்பட்டது. 2018-இல் வந்த 7-இல், வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் ஸ்ட்ரீமிங் பிளேயருக்குள்ளேயே சேர்ந்தது. அதனால் 'கான்ட்ரிப் எச்எல்எஸ்' என்ற பழைய பிளகினைத் தனியாக இணைத்திருந்தால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். 8-ஆம் பதிப்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ஐக் கைவிட்டதோடு, 'வீடியோஜேஎஸ்.எக்ஸ்டெண்ட்' என்ற செயல்கூற்றையும் (ஃபங்ஷன்) 'ஃபர்ஸ்ட்பிளே' என்ற நிகழ்வையும் எடுத்துவிட்டது. 5-இன் காலத்தில் எழுதிய பட்டன்கள் பெரும்பாலும் அந்த எக்ஸ்டெண்டை நம்பித்தான் இருக்கும். அதற்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான கிளாஸ் முறையில், பிளேயரின் 'பட்டன்' காம்பொனன்டை அடிப்படையாக வைத்து எழுதினால் போதும். பட்டனுக்குள் செய்யும் வேலை மாறாது, அதைச் சுற்றியுள்ள நாலைந்து வரிதான் மாறும்.

கன்சோலில் 'பிளேயர் ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டது, ஆப்ஷன்கள் ஏற்கப்படாது' என்ற பொருளில் மஞ்சள் எச்சரிக்கை வந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். வீடியோ டேக்கில் 'டேட்டா-செட்டப்' இருந்தால் பிளேயர் தானாகவே தொடங்கிவிடும். பிறகு ஸ்கிரிப்டில் தரும் ஆப்ஷன்கள் எதுவும் ஒட்டாது. இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். என் பரிந்துரை ஸ்கிரிப்ட் வழிதான்: டேட்டா-செட்டப்பில் எழுதுவது ஜேசன் என்ற கறாரான தரவு வடிவம், எடிட்டர் ஒரு மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிட்டாலே மொத்தமும் செல்லாமல் போகும்.

இனி ஆட்டோபிளே. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 முதல், பயனர் பக்கத்தைத் தொடாத வரை ஒலியுடன் கூடிய வீடியோ தானாக ஓட அனுமதியில்லை. ஆனால் ஒரு தளத்தில் அடிக்கடி ஒலியுடன் வீடியோ பார்ப்பவருக்குக் கணினியில் குரோம் விலக்கு தருகிறது. உங்கள் தளத்தில் நாள்தோறும் வீடியோ பார்ப்பவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் ஓடுகிறது. புதிய மாணவரின் கண்ணால் பார்க்க இன்காக்னிட்டோ விண்டோவில் சோதியுங்கள். ஆட்டோபிளே ஆப்ஷனுக்கு 'ட்ரூ' கொடுக்காமல் 'எனி' என்று கொடுத்தால், பிளேயர் முதலில் ஒலியுடன் முயலும், பிரவுசர் மறுத்தால் ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டும். 'மியூட்டட்' என்றால் தொடக்கத்திலிருந்தே ஒலியின்றி ஓடும். இசைப் பள்ளியின் அறிமுக வீடியோ ஒலியில்லாமல் ஓடுவதில் என்ன பயன்? நல்ல போஸ்டர் படம் வைத்து, நடுவில் பெரிய பிளே பட்டனோடு ஆட்டோபிளேயை எடுத்துவிடுவதே உங்களுக்கு ஏற்றது.

ஐபோனுக்கு ஒரே சொல் போதும்: வீடியோ டேக்கில் 'பிளேஸ்இன்லைன்'. ஐஓஎஸ் 10 முதல் இது இருக்கிறது. இல்லாவிட்டால் ஐபோன் தன் சொந்தப் பிளேயரை முழுத்திரையில் திறக்கும். இதைச் சேர்த்த பிறகும், மாணவர் முழுத்திரை பட்டனைத் தட்டினால் ஆப்பிளின் பிளேயர்தான் வரும், உங்கள் பட்டன்கள் மறையும். அது வேண்டாம் என்றால் பிளேயரின் ஆப்ஷன்களில் 'பிரிஃபர்ஃபுல்விண்டோ'வை ட்ரூ ஆக்குங்கள். அப்போது வீடியோ பிரவுசர் ஜன்னலை நிரப்பும். பட்டன்கள் இருக்கும், பிரவுசரின் முகவரிப் பட்டை மட்டும் மறையாது.

சப்டைட்டில் சிக்கலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும் ஃபைல்கள் அநேகமாக பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிளேயர் படிக்கும் வெப்விடிடி (சுருக்கமாக விடிடி) சப்டைட்டில் ஃபைலுக்கு வேறு எழுத்துக் குறியாக்கம் கிடையாது.

வரவே வராத ஃபைல்களில் முதலில் நேரக்குறியைப் பாருங்கள். எஸ்ஆர்டி என்ற வேறு வகை சப்டைட்டில் ஃபைலின் பெயரை மட்டும் விடிடி என்று மாற்றியிருந்தால் 00:00:12,500 என்று காற்புள்ளி இருக்கும். விடிடியில் புள்ளிதான் வர வேண்டும்:

00:00:12.500 --> 00:00:16.000
ச ரி க ம — இரண்டாம் காலம்

ஃபைலின் முதல் வரியில் 'வெப்விடிடி' என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். அடுத்து ஒரு வெற்று வரி. நேரக்குறிக்கும் அதற்குரிய பேச்சுக்கும் இடையே வெற்று வரி விடக்கூடாது. விட்டால் அந்த வசனம் காலியாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், சப்டைட்டில் ஃபைல் வேறு டொமைனில் இருக்கிறதா பாருங்கள். வீடியோக்களையும் விடிடிகளையும் வெளிச் சேமிப்பகத்தில் வைப்பவர்களுக்கு இது சகஜம். அந்த சர்வர் உங்கள் தளத்துக்கு அனுமதி தரும் 'ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' ஹெடரை (ஃபைலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரி) அனுப்ப வேண்டும். அதன் பிறகு வீடியோ டேக்கில் 'கிராஸ்ஆரிஜின்' மதிப்பை 'அனானிமஸ்' ஆக்குங்கள். வரிசை முக்கியம்: ஹெடர் இல்லாமல் கிராஸ்ஆரிஜினைச் சேர்த்தால், இதுவரை ஓடிய வீடியோவே நின்றுவிடும். கணினியில் உள்ள எச்டிஎம்எல் ஃபைலை இரட்டை கிளிக் செய்து திறந்து சோதிக்காதீர்கள். அந்த நிலையில் பிரவுசர் விடிடியைப் படிக்க விடாது. லோக்கல் சர்வரில் ஏற்றிப் பாருங்கள்.

மாறியதற்குப் பலனாக இசைப் பாடத்துக்கு உதவும் வசதிகள் கையில் இருக்கின்றன. கன்ட்ரோல்பார் ஆப்ஷனுக்குள் 'ஸ்கிப்பட்டன்ஸ்' என்று கொடுத்து முன்னே, பின்னே தாவும் பட்டன்களைப் பெறலாம். 5, 10, 30 விநாடிகள் மட்டுமே செல்லும், 15 என்று எழுதினால் பட்டன் வராது. 'பிளேபேக்ரேட்ஸ்' ஆப்ஷனில் 0.5, 0.75, 1 எனத் தாருங்கள். வேகத்தைக் குறைத்தாலும் பிரவுசர் சுருதியை மாறாமல் காக்கும் என்பதால், துரித காலத்தில் பாடும் ஸ்வரங்களை மாணவர் தம் தம்புராவோடு சேர்த்தே மெதுவாகக் கேட்டுப் பழகலாம். பட்டன்களின் பெயர்களைத் தமிழாக்க 'ஆட்லாங்குவேஜ்' செயல்கூற்றில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியைக் கொடுத்து, 'இயக்கு', 'நிறுத்து', 'முழுத்திரை' என ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்தின் மொழிக் குறி தமிழாக இருந்தால் பிளேயர் தானே அவற்றை எடுத்துக்கொள்ளும். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானும் இந்தப் பெயர்களையே படித்துச் சொல்லும். ஆகவே சுருக்கமாகவும் தெளிவாகவும் வையுங்கள்.

கடைசியாக, பிளேயரின் ஸ்கிரிப்ட் ஃபைலும் ஸ்டைல் ஃபைலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று 8, மற்றொன்று பழையது என்றால் பட்டன்கள் சிதறியோ ஐகான்கள் இல்லாமலோ தெரியும். மாணவர்களின் பிரவுசர் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) பழைய ஃபைல் தங்கியிருக்க வாய்ப்புண்டு. இரண்டு ஃபைல்களின் பெயரிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்து ஏற்றிவிட்டால் பிரவுசர் புதியதையே எடுக்கும். ஒவ்வொரு மாணவரிடமும் கேஷை அழிக்கச் சொல்ல வேண்டியிருக்காது.