வாசகர் கேள்வி பதில்: கலத்தின் வாசலில் நிற்கும் வாங்கிகள்

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்த்த அறிக்கையில் "ஹெர்-2: 2+" என்று போட்டிருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியா?
வாசகி, மஸ்கெலியா

பதில்: இல்லை. அந்த 2+ நோயின் கட்டத்தைச் சொல்வதல்ல. ஆய்வுகூடத்தில் போட்ட சாயம் எவ்வளவு பிடித்தது என்பதைத்தான் சொல்கிறது. பக்கத்து வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அம்மா வீணாகப் பயப்படக் கூடாது.

ஹெர்-2 என்பது கலமென்சவ்வில் இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி வாங்கி, அதாவது வளர்ச்சிச் செய்தியை வாங்கும் புரதம். "வளர், பிரி" என்ற கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. மார்புப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 15 முதல் 20 பேருக்கு இந்த வாங்கி அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கும். சாயம் 0 அல்லது 1+ என்றால் பெருக்கம் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ என்றால் சாயத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அடுத்து "ஃபிஷ்" என்ற பரிசோதனை செய்து பரம்பரையலகையே எண்ண வேண்டும். சாதாரண கலத்தில் 17ஆம் நிறமூர்த்தச் சோடியில் அது இரண்டு பிரதிகளாக இருக்கும். சராசரிப் பிரதிகள் 4 அல்லது அதற்கு மேலும், நிறமூர்த்த அடையாளத்தோடு ஒப்பிட்ட விகிதம் 2 அல்லது அதற்கு மேலும் இருந்தால் "பொசிட்டிவ்".

இதற்குப் பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. முதலில் எடுத்த துண்டு மெழுகுக் கட்டிக்குள் பத்திரமாக இருக்கும், அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம். அறிக்கையில் உள்ள மெழுகுக் கட்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அறிக்கையின் மூலப்பிரதியோடு கிளினிக்குக்குப் போய், "ஃபிஷ் அனுப்பியாயிற்றா?" என்று நேரே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் வாரங்கள் கழிவதுதான் எங்களை வருத்துகிறது.

அறுவைச் சிகிச்சையில் எடுத்த பெரிய கட்டியானால் இன்னொரு கவனம் தேவை. எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் 10 வீத நடுநிலை ஃபோமலினில் இட வேண்டும். ஃபோமலின் சதையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், ஊறுவது 6 முதல் 72 மணித்தியாலம். வெட்டாமல் முழுசாகப் போட்டால் நடுப்பகுதிக்கு மருந்து ஊறாது. அங்கே புரதம் சிதைந்து, இருக்கிற ஹெர்-2வும் இல்லாததுபோல் காட்டும்.

பொசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அந்த வாங்கியைப் பற்றிப் பிடித்து அடக்கும். மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றும் முறையில் முதல் தடவை உடல் எடையின் கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு 6. 50 கிலோ என்றால் முதலில் 400, அப்புறம் 300 மில்லிகிராம். ஆரம்பநிலை நோயில் வழக்கமாக ஒரு வருடம் போகும். இந்த மருந்து இதயத்தின் பம்பும் வலுவைக் குறைக்கக்கூடும். ஆகவே தொடங்கு முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுக்க வேண்டும். மண்சரிவால் பாதை மூடி ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் தொடக்க அளவையே மீண்டும் ஏற்ற வேண்டிவரும். பிந்திய நாளை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: உயர்தர உயிரியல் படிக்கிறேன். வாங்கியில் வளர்ச்சிக் காரணி ஒட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது?
மாணவன், பண்டாரவளை

பதில்: வளர்ச்சிக் காரணி கலத்துக்குள் போவதால் சமிக்ஞை பிறப்பதில்லை. பலர் புள்ளி இழப்பது இங்கேதான். அது வெளியில் ஒட்டியதும் இரண்டு வாங்கிகள் சோடி சேர்கின்றன. ஒவ்வொன்றின் உள்முனையும் ஒரு நொதியம். ஏடிபீயிலிருந்து பொஸ்பேற்றை எடுத்து மற்றதன் தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் அது ஏற்றுகிறது. பொஸ்பேற் ஏறிய இடத்தில் கிரப்-2 என்ற புரதம் வந்து ஒட்டும், அதோடு சொஸ் என்ற புரதமும் வரும். சொஸ், ராஸ் புரதத்திலிருந்து குவானோசீன் இருபொஸ்பேற்றைக் கழற்ற, அவ்விடத்தில் மூன்று பொஸ்பேற் உள்ள குவானோசீன் முப்பொஸ்பேற் ஏறும். ராஸுக்குப் பொஸ்பேற் ஏறுவதாக எழுதாதீர்கள், மாறுவது அது பிடித்திருக்கும் மூலக்கூறு. பிறகு ராஃப், மெக், எர்க் என்ற நொதியங்கள் வழியாகக் கட்டளை கரு வரை போகும்.

அணைக்கும் பக்கத்தையும் படியுங்கள். வேலை முடிந்த வாங்கியைக் கலம் உள்ளிழுத்து இலைசோசோமில் சிதைக்கிறது, ராஸ் தன் முப்பொஸ்பேற்றைத் தானே உடைத்து ஓய்கிறது. ராஸின் 12ஆம் இடத்தில் விகாரம் வந்தால் உடைக்க முடியாமல் போய், வாசலில் யாரும் கூப்பிடாமலே கட்டளை ஓடிக்கொண்டிருக்கும். இன்சுலின் வாங்கி கொஞ்சம் வேறு: காரணி வருமுன்பே அது சோடியாகத்தான் இருக்கிறது. மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டவர் ஸ்டான்லி கோஹன். எலிக்குட்டிகளின் கண்கள் நாளுக்கு முன்பே திறந்ததைக் கவனித்துத் தேடியவர். 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: புகைக்காத அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். எர்லோடினிப் குளிசை தொடங்கி இரண்டு கிழமையில் முகமெல்லாம் பரு. நிறுத்திவிடலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தக் குளிசை அடக்கும் ஈஜிஎஃப்ஆர் (மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கி) தோலிலும் இருப்பதால்தான் பரு வருகிறது. வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு பூசுங்கள், பருவைக் கிள்ள வேண்டாம். குளிர்கிறதே என்று வெயிலை லேசாக எண்ணாதீர்கள், மலையில் புற ஊதாக் கதிர் கடுமை. தொப்பியும் சன்கிறீமும் தேவை. வெறும் வயிற்றில், சாப்பிட ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ விழுங்க வேண்டும். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் சேர்த்தால் குளிசை சரியாக உறிஞ்சப்படாது, வைத்தியரிடம் சொல்லுங்கள். புதிதாக வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் கைக்குழந்தைக்கு அகொன்ட்ரோபிளேசியா (கைகால் எலும்பு குட்டையாக வளரும் நிலை) என்கிறார்கள். கிரகணத்தில் நான் வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.
தாய், பதுளை

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தங்கச்சி. எஃப்ஜிஎஃப்ஆர்-3 என்ற வாங்கி எலும்பு வளர்ச்சிக்கு பிரேக் போடுவது. அதன் 380ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியதால் பிரேக் இறுகி நிற்கிறது. இப்படிப் பிறக்கும் 10 குழந்தைகளில் 8 பேருக்குப் பெற்றோர் சாதாரண உயரம்தான், அந்த மாற்றம் புதிதாக உண்டானது. இப்போது கவனிக்க வேண்டியவை வேறு. முதுகு உறுதிப்படுமுன் சாய்மானமின்றி உட்கார வைக்காதீர்கள். தலைச் சுற்றளவை ஒவ்வொரு கிளினிக்கிலும் அளப்பியுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, கைகால் துவண்டாலோ உடனே காட்டுங்கள். மண்டையோட்டின் அடித்துளை ஒடுங்கி முண்ணாணை நெருக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.