சேறான பேஸ்டல் படத்தை என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கான்சன் மி-டெயின்ட் சாம்பல் தாளில் தூள் உதிரும் வண்ணக் குச்சியான சாஃப்ட் பேஸ்டலால் ஓர் ஆற்றங்கரை வரைந்தேன். மேல்விளிம்பு வரை மரங்கள், கீழே நீர். பச்சையெல்லாம் சேறாகிவிட்டது. தூளைத் தாளில் பிடித்துவைக்கும் பிசின் தெளிப்பான பிக்ஸடிவ் அடித்துவிட்டு மேலே வரையப் பார்த்தால் குச்சி வழுக்குகிறது, வண்ணம் ஏறவில்லை. தூக்கிப் போட மனமில்லை. மீட்க முடியுமா? முடித்தபின் மறுபடி பிக்ஸடிவ் அடிக்க வேண்டுமா?

கு., கோவை

அன்புள்ள கு.,

மீட்கலாம். ஆனால் அதே ஆற்றங்கரையைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பழைய படத்தின் கோடுகளை விட்டுவிட்டு இருளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா, தகட்டில் மையால் வரைந்து தாளில் அழுத்தி எடுக்கும் மோனோடைப் முறையில், ஒரே தகட்டிலிருந்து இரண்டு பிரதிகள் எடுப்பார். மங்கலாக விழும் இரண்டாம் பிரதியின் மேல்தான் பெரும்பாலும் பேஸ்டல் போடுவார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும், மாலை நேரக் காபிக்கடை வாசலில் பெண்கள் அமர்ந்திருக்கும் 1877ஆம் ஆண்டுப் படமும் மோனோடைப்பின் மேல் போட்ட பேஸ்டல்தான். அடியிலிருக்கும் கறுப்பு மை அங்கே இரவாகிவிடுகிறது.

முதலில் படத்தை மொபைலில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். மரமும் நீரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோளாறு வண்ணத்தில் இல்லை, வெளிச்ச அளவில் இருக்கிறது. பச்சை சேறாவதற்குக் காரணம் வேறு. தாளின் சொரசொரப்பு நிரம்பியபின் குச்சி தாளைத் தொடுவதில்லை. அடியிலுள்ள தூளை இழுத்துக் கலக்கிவிடுகிறது. விரலால் தேய்த்திருந்தால் தூள் குழிகளுக்குள் அழுந்தி இன்னும் மோசமாகும். பிக்ஸடிவ் அந்தக் குழிகளை மேலும் அடைக்கும். துகள்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தில் பிசின் உட்காருவதால் வெளிர் நிறங்களே அதிகம் மங்கும்.

பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே ஈரத்துணி விரியுங்கள். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு அங்குல அகலமுள்ள காய்ந்த ஹாக் பிரஷ்ஷால் (பன்றிமயிர்த் தூரிகை) மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், நச்சான காட்மியம் கலந்த வண்ணம் மூச்சுக்குள் போகக் கூடாது. பிக்ஸடிவ் பிடித்துவைத்த அடி வண்ணம் போகாது. அது இருக்கட்டும், நமக்கு வேண்டியது அந்த நிழல்தான்.

அடுத்து, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு இலை, கிளை எல்லாவற்றையும் இரண்டு மூன்று பெரிய இருள் திட்டுகளாகக் கரைத்துவிடுங்கள். தண்ணீரைவிடச் சீக்கிரம் காயும், சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள உங்கள் தாள் அவ்வளவாக நெளியாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம்.

நன்றாகக் காய்ந்தபின் 4 பங்கு கிளியர் ஜெஸ்ஸோவுடன் (நிறமற்ற அக்ரிலிக் அடிப்பூச்சு) 1 பங்கு நுண்ணிய பியூமிஸ் கல் தூளும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். தடிமனாகப் பூசினால் பால்போல் வெளுத்துவிடும். தூரிகைத் தடம் பிறகு பேஸ்டலுக்குள் தெரியும், அதனால் எந்தத் திசையில் இழுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஓரிரவு காயட்டும். ஆயில் பேஸ்டலுக்கு இந்த வழி உதவாது. மெழுகின் மேல் அக்ரிலிக் ஒட்டாமல் உரிந்து வரும்.

இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். வெளிறிய நீர் வானமாகிறது, மரக்கூட்டம் இருண்ட முன்னிலமாகிறது. அங்கே ஒரு அந்திப்பொழுது இருக்கிறது. கெட்டியான குச்சிகளால் அடர் ஊதாவையும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் முதலில் போடுங்கள். பழைய பச்சை ஆங்காங்கே கசியட்டும், அதை மூடாதீர்கள். மென்மையான குச்சிகளும் வெளிர் ஆரஞ்சும் கடைசியில்தான், அதுவும் அடிவானத்தை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும். தாளில் மூன்றில் ஒரு பங்காவது தொடாமல் இருந்தால் நல்லது. வண்ணம் இரண்டு மூன்று அடுக்குக்குமேல் போனால் மறுபடி அதே சேறுதான்.

பிக்ஸடிவ் வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அந்த ஆரஞ்சுப் பட்டைதான் முதலில் அணைந்துபோகும். பலகையைக் கவிழ்த்துப் பின்பக்கம் தட்டி உதிரும் தூளை உதிர்த்துவிட்டு, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைத்துக் கண்ணாடி படத்தில் படாதபடி சட்டமிடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், உட்சுவர் பாருங்கள்.