செல்லைப் பற்றிக் கேளுங்கள்

முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன். இன்று செல் பற்றி மட்டும் கேளுங்கள். நீட் கட்-ஆஃப் எனக்குத் தெரியாது.

வாடிய கீரையில் தண்ணீர் தெளித்தால் நிமிர்ந்துகொள்கிறதே, செத்த செல் பிழைக்கிறதா?

சாகவே இல்லை, துவண்டிருக்கிறது. முதிர்ந்த தாவர செல்லின் நடுவில் பெரிய நுண்குமிழ் ஒன்று இருக்கும். செல்லுக்குள் 80, 90 சதவீத இடத்தைக்கூட அதுவே பிடித்துக்கொள்ளும். அதில் தண்ணீர் நிறைந்திருந்தால் சவ்வு செல்சுவரை அழுத்தும். சைக்கிள் ட்யூபும் டயரும் மாதிரிதான். தண்ணீர் குறைந்தால் ட்யூப் இறங்கிவிடும், டயர் அப்படியே கிடக்கும். தெளித்தால் சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே போய் மறுபடி விறைக்கிறது.

மாவடுவில் இது தலைகீழ். வெளியே உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் வெளியேறி வடு சுருங்குகிறது. ரியோ என்ற அழகுச்செடியின் இலையில் ஊதாத் தோலை உரித்து உப்புநீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள், சவ்வு சுவரைவிட்டு விலகுவது தெரியும்.

விலங்கு செல்லுக்கு அந்த டயர் கிடையாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும். சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருப்பது அதனால்தான்.

தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா. சரிதானே சார்?

தவறு. பாதிப் பேர் இப்படித்தான் மனப்பாடம் செய்து வருகிறார்கள். தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பசுங்கணிகம் சர்க்கரை செய்யும். அதை உடைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி எடுக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும். ராத்திரியில் செடி எதை வைத்துப் பிழைக்கும்? மண்ணுக்குள் இருக்கும் வேர்?

வெங்காயத் தோலில் பச்சையே தெரியவில்லையே?

மண்ணுக்குள் வளர்வது, அதற்கு எதற்குப் பச்சை? வெங்காயத்தாளின் தோலுக்கு அடியில் பாருங்கள்.

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஏதோ செல் என்று போட்டிருக்கிறது, அர்த்தம் சொல்லுங்களேன்.

நான் வாத்தியார் அம்மா, டாக்டர் இல்லை. எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

தாவர செல்லில் சென்ட்ரியோல் இல்லை என்று எழுதினால் மார்க் உண்டா?

உண்டு. சென்ட்ரியோல் என்பது விலங்கு செல் பிரியும்போது உதவும் சின்ன உருளை. ஆனால் அது 'இல்லை' என்பது எல்லாத் தாவரத்துக்கும் பொருந்தாது, பூக்கும் தாவரங்களுக்குப் பொருந்தும்.

குறுக்கே வருகிறேன். புத்தகத்தில் 'இல்லை' என்றே இருக்கிறது. பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்.

குழப்பவில்லை ஐயா. பெரணியின் ஆண் இனச்செல் தண்ணீரில் நீந்திப் போகிறது. நீந்த வால் போன்ற கசையிழை வேண்டும், கசையிழைக்கு அடியில் சென்ட்ரியோல் போன்ற அமைப்பு வேண்டும். 1896இல் ஜப்பானில் ஹிரசே கிங்கோ மரத்திலும் இகெனோ சைகஸிலும் நீந்தும் ஆண் இனச்செல்லைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் விதை தரும் மரங்கள்!

அப்படியானால் சென்ட்ரியோல் இல்லாத செடியில் செல் எப்படிப் பிரியும்?

நல்ல கேள்வி. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் அது இல்லாமலேயே உருவாகிவிடும். பிரிந்த பிறகு நடுவில் செல்தட்டு வளர்ந்து புதுச் சுவராகும். விலங்கு செல்லோ இடுப்பு இறுகுவது போல் நடுவில் கிள்ளிப் பிரியும்.

நீங்கள் சொல்வதெல்லாம் விதிவிலக்கு. பாடத்திட்டத்தில் இல்லை.

பரீட்சையில் 'இல்லை' என்றே எழுதட்டும், நான் தடுக்கவில்லை. பெரணி பாடத்திட்டம் பார்த்து நீந்தாது. அடுத்தது.

சிவப்பணுவில் உட்கரு இல்லையே, அது செல்தானா?

செல்தான். பாலூட்டிகளில் முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும், மைட்டோகாண்ட்ரியாவும் மிஞ்சாது. நம் சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். கோழி ரத்தத்தில் உட்கரு உண்டு.

யாழ்ப்பாணத்தில் இருந்து: நாங்கள் கலம், இழைமணி என்று படித்தோம். இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். கலம் என்பது செல், இழைமணி என்பது மைட்டோகாண்ட்ரியா. எனக்கு உங்கள் சொற்கள்தான் பிடிக்கும்.

பசுங்கணிகம் இருக்கும்போது செடிக்கு மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

மேலே படியுங்கள். ராத்திரி. வேர்.

வேரிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்குமா சார்?

மேலே!

காளானில் பசுங்கணிகம் உண்டா?

இல்லை. காளான் தாவரமே இல்லை. செல்சுவர் உண்டு, ஆனால் அதில் இருப்பது நண்டு ஓட்டில் உள்ள கைட்டின். மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.