இணையக் கேள்வி பதில்: கனத்த ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்கி அனுப்புவது எப்படி?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. தளம் மெதுவாகத் திறக்கிறது, பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் கோப்புகளைச் சுருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே முழு இடத்தையும் கொடுக்கிறேன்.

பினாங்கில் சிறு கடைகளுக்கும் கோயில்களுக்கும் தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். செய்து முடித்த தளத்தை மேசைக் கணினியில் மட்டும் பார்த்து நான் ஒப்படைப்பதில்லை. விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் பிரீபெய்ட் சிம் போட்டு, பட்டர்வொர்த் பெர்ரியில் போகும்போது திறந்து பார்ப்பேன். நம் மக்களில் பலர் கையில் இருப்பது அந்த மாதிரி போன்தான். கீழே உள்ள பதில்களும் அவர்களுக்காகத்தான்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குப் புடவைக் கடை. கடையின் தளம் போனில் திறக்க வெகு நேரம் பிடிக்கிறது. ஜேகுவரி போன்ற லைப்ரரிகளை 'மினிஃபை' செய்ய வேண்டும் என்கிறான் மகன். அப்படிச் செய்தால் தளம் கெட்டுப்போகாதா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கெடாது அம்மா, பயப்படாமல் செய்யச் சொல்லுங்கள். லைப்ரரி என்பது மற்றவர்கள் முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, ஜேகுவரி அதில் ஒன்று. புரோகிராம் எழுதுபவர்கள் பின்னால் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இடம் விட்டு, வரி வரியாகப் பிரித்து, நடுநடுவே குறிப்பும் எழுதி வைப்பார்கள். பிரவுசருக்கு இது எதுவும் வேண்டாம். மினிஃபை செய்யும் கருவி இவற்றை எடுத்துவிடும். ஒரு ஃபங்ஷனுக்குள் (புரோகிராமின் ஒரு தனிப் பகுதிக்குள்) மட்டும் புழங்கும் நீளமான பெயர்களை ஓரெழுத்துப் பெயராக மாற்றும். வெளியிலிருந்து கூப்பிடும் பெயர்களைத் தொடாது. ஆகவே கோப்பு சிறிதாகும், அது செய்யும் வேலை அப்படியே இருக்கும்.

எவ்வளவு சிறிதாகும்? ஜேகுவரி 3.7.1 பதிப்பை எடுத்துக்கொள்வோம். எழுதியபடியே இருக்கும் கோப்பு சுமார் 285 கேபி. மினிஃபை செய்தது 87 கேபி. அதையே சர்வர் (தளம் இருக்கும் கணினி) ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பினால் வழியில் போவது 30 கேபி அளவுதான். கடைசியில் சொன்ன ஜிசிப் வேறு வேலை. அது புரோகிராமை மாற்றாது. முன்பு வந்த ஒரு துண்டு திரும்ப வந்தால், 'இவ்வளவு தூரம் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று குறித்து அனுப்பும். பிரவுசர் அதை விரித்துப் பழையபடி ஆக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஃபங்ஷன்', 'ரிட்டர்ன்' என்று ஒரே சொற்கள் ஓயாமல் வருவதால் அது நன்றாகச் சுருங்குகிறது. மினிஃபை தளம் கட்டும்போது ஒருமுறை செய்வது. ஜிசிப் அனுப்பும் நேரத்தில் சர்வர் செய்வது. இரண்டும் வேண்டும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஜேகுவரி போன்ற லைப்ரரியை அவர் தன் கையால் சுருக்க வேண்டியதில்லை. வெளியிடுபவர்களே கோப்பின் பெயர் நடுவில் 'மின்' என்று போட்டு, சுருக்கியதையும் தருகிறார்கள். அதை இறக்கிப் போட்டால் போதும். அதன் தலைப்பில் உரிமம் பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கும். சில பைட்டுகளுக்கு ஆசைப்பட்டு அதை அழிக்க வேண்டாம், உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

அப்புறம், கடைத் தளங்களில் நான் அடிக்கடி பார்ப்பது: தீம் ஒரு ஜேகுவரியைக் கொண்டுவரும், படம் நகர்த்தும் ஸ்லைடர் வேறு பதிப்பில் இன்னொன்றைக் கொண்டுவரும். இரண்டையும் எவ்வளவு சுருக்கினாலும் ஒன்று வீண்தான். அதை முதலில் தேடிப் பாருங்கள். புடவைப் படங்களையும் பாருங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படமே பல எம்பி வரும், அதற்கு முன்னால் ஜேகுவரி ஒன்றுமே இல்லை. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் அதற்கு ஜிசிப் போட்டுப் பயனில்லை. அளவைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பாலிடெக்னிக் புராஜெக்ட்டுக்காக வாடகை சர்வர் ஒன்றில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஜிசிப் 'ஆன்' என்று எழுதியும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு முழு அளவிலேயே வருகிறது. என்ன தவறு?
— மாணவர், செந்தூல்

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய வரி சரி, ஆனால் அது மட்டும் போதாது. என்ஜின்எக்ஸில் ஜிசிப்பை ஆன் செய்தால், வேறொன்றும் சொல்லாதவரை அது எச்டிஎம்எல் பக்கத்தை மட்டுமே சுருக்கும். மற்ற வகைகளை 'ஜிசிப் டைப்ஸ்' என்ற வரியில் நாம்தான் எழுத வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு வகைப் பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வெகுகாலம் 'அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்' என்று எழுதினார்கள். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9239 என்ற இணைய விதிமுறை ஆவணம், 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' என்பதே முறை என்று சொல்லிவிட்டது. உங்கள் சர்வர் ஒரு பெயரில் அனுப்பி, நீங்கள் மற்றதை எழுதியிருந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் எழுதிவிடுங்கள். கூடவே சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜேசன் (தரவு), எஸ்விஜி (படம்) வகைகளையும் சேருங்கள்.

அதன் பிறகும் சுருங்கவில்லை என்றால், முன்னால் சிடிஎன் (கோப்புகளை இடையில் நின்று வழங்கும் சர்வர் வலை) ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். கோரிக்கையில் 'வியா' என்ற ஹெடர் (கூடவே வரும் தகவல் வரி) இருந்தால், என்ஜின்எக்ஸ் அதை இடையாள் வழியாக வந்தது என்று எடுத்துக்கொண்டு, வழக்கமான அமைப்பில் சுருக்காமலே அனுப்பும். 'ஜிசிப் புராக்ஸிட்' என்ற வரி அதற்காகத்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் நாள்கணக்கில் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுருங்கியதா என்று ஊகிக்க வேண்டாம். குரோமில் எஃப் 12ஐ அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோப்பைத் திறந்து, சர்வர் அனுப்பிய ஹெடர்களில் 'கன்டென்ட் என்கோடிங்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த முறை என்றும் அதிலேயே எழுதியிருக்கும். 'வேரி' ஹெடரையும் சரிபாருங்கள். நடுவில் கோப்பின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ், சுருக்கிய கோப்பைச் சுருக்கம் புரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடாமல் காப்பது அதுதான்.

சுருக்கும் அளவு 1 முதல் 9 வரை. என்ஜின்எக்ஸ் தானாக வைப்பது 1. ஐந்து அல்லது ஆறு வையுங்கள். 9 வைத்தால் கூடுதலாகக் குறைவது மிகச் சொற்பம், சர்வருக்கு வேலையோ அதிகம்.

புராஜெக்ட்டில் இன்னும் நல்ல மதிப்பெண் வேண்டுமென்றால் பிராட்லியையும் சேருங்கள். கூகுளில் உருவாகி, 2016இல் ஆர்எஃப்சி 7932 ஆக வெளிவந்த முறை அது. எச்டிஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அடிக்கடி வரும் துண்டுகளைக் கொண்ட அகராதி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஜிசிப்பைவிடப் பெரும்பாலும் சிறிதாக வரும். அதன் உச்ச அளவான 11 மிக மெதுவானது. ஒவ்வொரு முறை யாராவது கேட்கும்போதும் அதைச் செய்தால் சர்வர் திணறிவிடும். தளத்தைக் கட்டும்போதே ஒருமுறை சுருக்கி, கோப்பின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். லைப்ரரிக் கோப்பு தினமும் மாறப்போவதில்லையே. இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும்: என்ஜின்எக்ஸில் பிராட்லிக்குத் தனி மாட்யூல் சேர்க்க வேண்டும், எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் பிரவுசர்கள் பிராட்லியைக் கேட்கவே கேட்காது.

கேள்வி: மினிஃபை செய்த பிறகு எந்தப் பிழை வந்தாலும் 'வரி 1' என்றே காட்டுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சோர்ஸ் மேப் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். மினிஃபை செய்யும் கருவிகளான டெர்சர், ஈஎஸ்பில்ட் இரண்டிலும் அந்த வசதி உண்டு. பிழை உங்கள் மூலக் கோப்பின் எந்த வரியில் இருக்கிறது என்று பிரவுசர் காட்டிவிடும். டெவ்டூல்ஸை (எஃப் 12 அழுத்தினால் வரும் பகுதி) திறந்தால்தான் அந்த மேப் கோப்பு இறங்கும், அதனால் வாடிக்கையாளரின் டேட்டாவைத் தின்னாது.

கேள்வி: பழைய 'பேக்கர்' கருவி ஒன்று கிடைத்தது. டெர்சரைவிட அது கோப்பை இன்னும் சின்னதாக்குகிறது. அதையே பயன்படுத்தலாமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: வேண்டாம் ஐயா. டீன் எட்வர்ட்ஸ் செய்த பேக்கர், பல சர்வர்களில் ஜிசிப் இல்லாத காலத்துக்கு நல்ல கருவி. அது புரோகிராமையே ஒரு நீளமான எழுத்துச்சரமாகச் சுருக்கி, பக்கம் திறக்கும்போது 'ஈவால்' மூலம் விரித்து ஓட்டும். அந்த விரிக்கும் வேலையைச் செய்வது வாசகரின் போன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் செய்கிறது. ஜிசிப் ஓடும் சர்வரில், மினிஃபை செய்த சாதாரணக் கோப்போடு ஒப்பிட்டால் அளவிலும் பெரிய லாபம் இருக்காது. பாதுகாப்புக்காக 'ஈவால்' கூடாது என்று தடை வைத்த தளத்தில் அது ஓடவும் ஓடாது.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சொல் விளையாட்டு ஒன்று செய்திருக்கிறேன். ஈஎஸ்பில்ட் போட்டுச் சுருக்கினால் தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறியீடாக மாறி, கோப்பு முன்பைவிடப் பெரிதாகிறது. ஏன்?
— ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை, அதனால் யாரும் விளக்கி எழுதுவதும் இல்லை.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்து, புள்ளி, கொம்பு போன்ற ஒவ்வொன்றுக்கும்) 3 பைட். ஈஎஸ்பில்ட் வழக்கமாக ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டுமே வெளியே விடும். ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் பின்சாய்வுக் கோடும் எண்ணும் சேர்ந்த ஆறு எழுத்துத் தொடராக மாற்றிவிடுகிறது. 'வணக்கம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள். சாதாரணமாக 21 பைட். மாற்றிய பிறகு 42. நூற்றுக்கணக்கான சொற்கள் இருக்கும் உங்கள் விளையாட்டில் கோப்பு பெரிதாகாமல் என்ன செய்யும்?

தீர்வு எளிது. ஈஎஸ்பில்ட்டை ஓட்டும்போது 'சார்செட்' விருப்பத்தில் யுடிஎஃப் 8 என்று கொடுங்கள், தமிழ் தமிழாகவே வரும். பக்கத்தின் தலைப்பிலும் யுடிஎஃப் 8 என்று அறிவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து சிதறும்.

தமிழ் மூன்று பைட் எடுக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். தமிழ்க் குறியீடு எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. மூன்றாவதில்தான் உண்மையான வேறுபாடு. இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் ஜிசிப்புக்கு நல்ல தீனி. சர்வரில் அதை ஆன் செய்தாலே தமிழ் உரை நன்றாக இறங்கிவிடும்.

ஆனால் நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. ஆண்டு 1 பிள்ளை விளையாட்டைத் திறக்கும்போது ஆண்டு 6 சொற்கள் எதற்கு வர வேண்டும்? சொற்பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து பிரித்து, ஆண்டுக்கு ஒரு ஜேசன் கோப்பாக வையுங்கள். பிள்ளை தன் ஆண்டைத் தொட்ட பிறகு அது மட்டும் வரட்டும். தேதியைத் தமிழில் காட்ட மொமென்ட் லைப்ரரியைப் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். கட்டும் விதத்தைப் பொறுத்து அது உலக மொழிகளின் மாதப் பெயர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும். புதிய வேலைகளுக்கு வேறு வழி பாருங்கள் என்று 2020இல் அதன் குழுவினரே சொல்லிவிட்டார்கள். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'இன்டல்' வசதி, மாதப் பெயரைத் தமிழில் எழுதித் தேதியைக் காட்டும். அதற்கு ஒரு பைட்டும் இறக்க வேண்டாம்.

கேள்வி: லைப்ரரிகளைப் பொது சிடிஎன்னிலிருந்து எடுத்தால், வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய கோப்பே பயன்படுமே?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் கேஷைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டன. வேறு தளத்துக்காக இறங்கிய கோப்பு உங்கள் தளத்துக்கு உதவாது. உங்கள் சர்வரிலேயே வைத்து, கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, கேஷ் காலத்தை ஓர் ஆண்டு என்று போடுங்கள். இரண்டாம் முறை வருபவருக்கு அது இறங்கவே வேண்டாம்.

கேள்வி: தைப்பூசத்தன்று ரதம் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கம் ஒன்றை எங்கள் தொண்டூழியர் குழு நடத்துகிறது. எல்லாக் கோப்பையும் சுருக்கிவிட்டோம். ஆனாலும் தண்ணீர்மலைப் பக்கம் கூட்டம் சேர்ந்ததும் பக்கம் திறப்பதே இல்லை என்று பக்தர்கள் குறைப்படுகிறார்கள்.
— தொண்டூழியர், ஜார்ஜ்டவுன்

பதில்: அந்தச் சாலையில் அன்றைக்கு நிற்கும் அத்தனை பேரும் அதே சில போன் கோபுரங்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அங்கே 30 கேபிகூட வந்து சேர நேரமாகும். வந்த பிறகும் வேலை முடியவில்லை. ஜிசிப் குறைப்பது வழியில் போகும் அளவை மட்டும்தான். போனுக்குள் போனதும் அது பழையபடி விரிந்து, பிரவுசர் அதை முழுதும் படித்து, ஓட்டிய பிறகுதான் திரையில் எழுத்து வருகிறது. வெயிலில் சூடேறிய பழைய போனில் அதற்கும் நேரம் பிடிக்கும்.

நீங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். வரைபட லைப்ரரி, ஸ்லைடர், ஜேகுவரி எல்லாம் இருக்கின்றன. வெள்ளி ரதம் எங்கே, தங்க ரதம் எங்கே, அடுத்து எந்தச் சாலை, தண்ணீர்ப் பந்தல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல இவற்றில் ஒன்றும் தேவையில்லை. அந்த ஒரு நாளுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டே இல்லாத தனிப் பக்கம் ஒன்று வையுங்கள். வெறும் எச்டிஎம்எல், பக்கத்துக்குள்ளேயே எழுதிய சில வரி சிஎஸ்எஸ், படம் வேண்டாம். சுருக்கிய பிறகு 14 கேபிக்குள் அடங்கட்டும். இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் முதல் தவணையில் பதில் எதிர்பார்க்காமல் பத்துப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பும், அதில் கொள்ளும் அளவு அது. அதற்குள் இருந்தால் முழுப் பக்கமும் ஒரே தவணையில் போய்ச் சேர்ந்துவிடும்.

வரைபடம் கட்டாயம் வேண்டும் என்று குழுவில் யாராவது சொன்னால், 'வரைபடம் பார்க்க' என்று ஒரு லிங்க் கொடுத்துவிடுங்கள். தொடுபவருக்கு மட்டும் அது இறங்கும். ரதம் நகர நகர நீங்கள் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், ஆகவே அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கேஷ் காலத்தை ஒரு நிமிடம் என்று வையுங்கள்; மேலே பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்குச் சொன்ன ஓராண்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கடைசியாக எந்த மணிக்குப் புதுப்பித்தீர்கள் என்று பக்கத்தின் மேலேயே எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே இதை ஏற்றி, குழுவில் உள்ள மிகப் பழைய போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.