மகனுக்குக் கண்ட்ரோலர்: எந்த விலை உண்மையில் சிக்கனம்?

கேள்வி: நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகன் கணினியில் விளையாடப் பயன்படுத்தும் கண்ட்ரோலரில், இடது ஸ்டிக் (விரலால் நகர்த்தும் சிறு குச்சி) தொடாமலேயே ஒரு பக்கமாக இழுக்கிறது. மைக்ரோசாஃப்டின் அசல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் 289 ரிங்கிட் என்கிறார்கள். வேறொரு நிறுவனம் தயாரித்த, கம்பியில்லாத கண்ட்ரோலர் 119 ரிங்கிட்டுக்கும், பெயர் தெரியாத ஒன்று இணையத்தில் 45 ரிங்கிட்டுக்கும் கிடைக்கின்றன. மாமா வீட்டிலுள்ள பிளேஸ்டேஷன் 5-இலும் அதையே பயன்படுத்தலாம் என்கிறான் மகன். வீட்டுச் செலவு போக மாதம் 300 ரிங்கிட்தான் மிஞ்சுகிறது. அசலையே, மாதம் 1.5 விழுக்காட்டுக் கட்டணத்துடன் 6 மாதத் தவணையில் எடுக்கலாமா? – வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, தவணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். 289 ரிங்கிட்டுக்கு மாதம் 1.5 விழுக்காடு என்றால் ஆறு மாதத்தில் 26 ரிங்கிட் கட்டணம் சேர்ந்து, நீங்கள் மொத்தம் 315 ரிங்கிட் கட்டுவீர்கள். தொகை சிறிதாகத் தெரியலாம். ஆனால், மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் கட்டணம் மட்டும் முழு 289 ரிங்கிட்டின் மீதே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடாகிறது. நம் நாட்டில் கடன் அட்டைக்கு விதிக்கப்படும் உச்ச வட்டியே 18 விழுக்காடுதான். விளையாட்டுப் பொருளுக்காக அந்த அளவு வட்டி கட்டுவது உங்கள் வருமானத்துக்குத் தகாது. தவணை வேண்டாம்.

எந்தக் கண்ட்ரோலர் என்பதை முடிவு செய்யுமுன், அந்த ஸ்டிக் ஏன் பழுதானது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கண்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் அடியில் கார்பன் பூசிய ஒரு தடமும், அதன் மேல் உராய்ந்து செல்லும் ஓர் உலோக நாக்கும் இருக்கும். விரல் அசையும்போதெல்லாம் அவை தேய்ந்து, நாளடைவில் ஸ்டிக் நடுவில் நின்றாலும் நகர்ந்ததாகவே கருவி தவறாக உணர்கிறது. இதையே ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்கும் அசல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரும், பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டூவல்சென்ஸ் கண்ட்ரோலரும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆகவே அதிக விலை கொடுப்பதால் இந்தப் பழுதிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மாறாக, 8பிட்டூ, கேம்சர், குலிகிட் போன்ற நிறுவனங்கள் தங்களின் பல மாடல்களில் ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்டிக்குகளைப் பொருத்துகின்றன. அவற்றில் காந்தத்தின் அசைவை ஓர் உணரி (சென்சார்) தொடாமலேயே அளப்பதால், அந்த இடத்தில் தேய்வதற்கு எதுவுமில்லை. இது நேற்று வந்த உத்தியுமன்று. 1998-இல் வெளிவந்த செகா டிரீம்காஸ்ட் என்னும் விளையாட்டுக் கருவியின் கண்ட்ரோலரிலேயே இருந்தது. வேறு நிறுவனப் பொருளென்றால் மட்டம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 119 ரிங்கிட் பொருள் இரண்டாண்டுகள் உழைத்தால் மாதச் செலவு சுமார் 5 ரிங்கிட். அதே மாதச் செலவுக்கு அசல் ஈடுகொடுக்க வேண்டுமானால் அது ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டும். அதுவும் இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்குவதால், பேட்டரிச் செலவு தனி. 45 ரிங்கிட் பொருளோ நான்கே மாதத்தில் கெட்டுப்போனால் மாதத்துக்கு 11 ரிங்கிட்டுக்கு மேல் விழுங்கியிருக்கும். என் அக்காள் மகனுக்கு நானே இப்படியொன்றை ஒரு சிறு கடையில் ரசீதில்லாமல் வாங்கிக் கொடுத்து, மூன்றாம் வாரம் அது சார்ஜ் ஏறாமல் போனபோது, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அவன் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

மாமா வீட்டு பிளேஸ்டேஷன் 5 பற்றி மகனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சோனியின் உரிமம் பெறாத கண்ட்ரோலர்கள் பொதுவாக அதில் வேலை செய்வதில்லை. அசல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரும் அதில் இயங்காது. கணினி, ஆண்ட்ராய்டு கைப்பேசி, நிண்டெண்டோ சுவிட்ச் ஆகியவற்றில் பல மாடல்கள் இயங்கும். ஆனால் ஒரே மாடலை வெவ்வேறு கருவிகளுக்கென வெவ்வேறு வகையாக விற்பதுண்டு என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். உங்கள் கணினி பழையதென்றால், புளூடூத்தை மட்டும் நம்பாமல், யூஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் என்னும் சிறு இணைப்புக் கருவியும் உடன் வருவதாகப் பார்த்து வாங்குவது நல்லது. பொத்தானை அழுத்தியது திரையில் தெரிவதற்கான தாமதமும் அதில் குறைவு.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, உள்நாட்டு விற்பனையாளரையே நான் பரிந்துரைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். உள்ளூரில் வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிட முடியும். அதற்கு ரசீது வேண்டும். கம்பியில்லாக் கருவி என்பதால் சிரிம் (மலேசியாவின் தரச் சான்று அமைப்பு) சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே, ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கும் குறைந்தது ஓராண்டு உத்தரவாதமும் இருக்குமானால், அந்த 119 ரிங்கிட் கண்ட்ரோலரையே ரொக்கமாக வாங்குங்கள். இந்த மாதமே 119 எடுப்பது சிரமமென்றால் மூன்று மாதம் 40 ரிங்கிட் ஒதுக்குங்கள். தீபாவளி அங்பாவ் பணத்தில் மகனிடம் மிச்சமிருந்தால் ஒரு பங்கை அவனே தரட்டும், தன் பணமும் அதில் இருப்பதால் கவனமாக வைத்துக்கொள்வான். பொருள் வீட்டுக்கு வந்த அன்றே எல்லாப் பொத்தான்களையும் இரண்டு ஸ்டிக்குகளையும் கணினியின் கேம் கண்ட்ரோலர் அமைப்பில் சோதித்து, விரலை எடுத்ததும் ஸ்டிக் சரியாக நடுப்புள்ளிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால், மாற்றித் தரும் காலக்கெடு முடியுமுன் பெட்டியோடும் ரசீதோடும் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.